குரூப் போட்டோ எடுத்தாச்சு... அப்புறம்? முன்னாள் மாணவர் சங்கங்கள் தூங்கிப்போவது ஏன்?

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனிகள் ஆட்களை வெளியே விடும் நேரம். திருப்பூர் - பல்லடம் சாலையில் அருள்புரம் பஸ் ஸ்டாப்பைச் சுற்றி நடக்க இடமிருக்காது. வாரச் சம்பளம் வாங்கிய கையோடு மளிகை, காய்கறி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என ஆளாளுக்கு ஓர் அவசரம். இந்தக் கூட்டத்தில் டெய்லர் இருப்பார், கட்டிங் மாஸ்டர் இருப்பார், செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அக்கா இருப்பார், கடன் வாங்கி நாலு மெஷின் போட்டு சொந்தமாக பவர் டேபிள் நடத்துபவரும் இருப்பார். நாலு பேரும் ஒரு காலத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்களாகவும் இருக்கக்கூடும்.

அப்படிப்பட்டவர்களை மறுபடியும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதுதான் முன்னாள் மாணவர் சங்கம். ஊர் பாஷையில் சொன்னால், 'எங்க செட்டு'.

கடந்த சில வருடங்களாக இந்த செட்டுகளுக்குக் குறைவே இல்லை. 2018-ல் '96' படம் வந்த பிறகு, தியேட்டரிலிருந்து வெளியே வந்த கையோடு பழைய நண்பர்களின் நம்பரைத் தேடியவர்கள் ஏராளம். ஒருவர் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பார். முதல் வாரம் நிற்காமல் மெசேஜ் வரும். யாரிடமோ இருக்கும் பழைய குரூப் போட்டோ வெளியே வரும். 'மூணாவது வரிசையில ஓரமா நிக்கிறது யாருப்பா?' என்ற ஆராய்ச்சி நடக்கும். பிறகு ஒரு மண்டபம், ஒரே கலரில் டி-ஷர்ட் (திருப்பூரில் இதற்கு மட்டும் பஞ்சமே இல்லை), ரிட்டயரான வாத்தியார்களுக்குச் சால்வை, மதியச் சாப்பாடு, மறுபடியும் ஒரு குரூப் போட்டோ. ஆறே மாதத்தில் அதே குரூப்பில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும் மிச்சம். ஒருநாள் யாராவது அரசியல் வீடியோ போடுவார், நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவார்கள். அத்தோடு சரி.

இதில் தவறு என்று எதுவும் இல்லை. பழைய நண்பர்களைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம்தான். ஆனால் சங்கம் என்று பெயர் வைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பும் போட்ட பிறகு, இரண்டாவது வருடம் ஏன் யாருமே வருவதில்லை?

கைமடிக்கப் போனவர் எந்த செட்?

திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கான பதில் முதல் அழைப்பிதழிலேயே ஒளிந்திருக்கிறது. 'பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்', 'பிளஸ் டூ முடித்தவர்கள்' என்றுதான் பெரும்பாலும் செட் பிரிக்கிறார்கள். ஆனால் 80-களிலும் 90-களிலும் பனியன் ஏற்றுமதி வேகம் பிடித்தபோது, ஏழாவதோ எட்டாவதோ பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குக் கைமடிக்கப் போன பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். அந்த வகுப்பின் பெஞ்சில் ஏழு வருடம் உட்கார்ந்தவர், பத்தாவது பரீட்சை எழுதவில்லை என்பதற்காகப் பட்டியலில் இல்லாமல் போகிறார்.

அவர்களில் சிலர் பின்னாளில் முதலாளியாகிவிட்டால் கதை வேறு. 'நம்ம ஸ்கூல்ல படிச்சவர்தான்' என்று தேடிப்போய் நன்கொடை கேட்பார்கள். இன்னும் டெய்லராகவே இருப்பவரை யாரும் தேடிப் போவதில்லை. அவரும் வரமாட்டார். கார் வைத்திருப்பவர்களுக்கு நடுவே எந்த வண்டியில் போய் இறங்குவது, எவ்வளவு பணம் கேட்பார்களோ என்ற கூச்சம் அவருக்கு. குரூப்பில் பெயர் இருக்கும், பேசமாட்டார்.

தங்கர்பச்சான் இயக்கி 2007-ல் வெளிவந்த 'பள்ளிக்கூடம்' படம் இந்த இடத்தைத்தான் தொட்டது. இடிந்து, மூடப்படும் நிலையில் இருக்கும் கிராமத்துப் பள்ளியைக் காப்பாற்றப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் கதை. அதில் பெரிய பதவிக்குப் போனவர்களைத் தேடிப் போய் அழைத்து வருபவர், ஊரோடு இருந்துவிட்ட சாதாரண மனிதர். நிஜத்திலும் அப்படித்தான். எந்த வாத்தியார் இறந்துபோனார், எந்தப் பிள்ளையின் குடும்பம் எங்கே குடிபோனது, பள்ளிக்கூடத்தின் எந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும். சென்னையிலும் துபாயிலும் இருப்பவருக்குப் பணம் அனுப்பத் தெரியும், அவ்வளவே. சங்கத் தலைவர் பதவி மட்டும் எப்படியோ இரண்டாமவருக்கே போய்ச் சேர்கிறது.

அருள்புரம் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இங்கே படித்தவர்களே அல்ல. தேனி, மதுரை, தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு தலைமுறை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அடுத்த தலைமுறை. அப்பாவின் பள்ளிக்கூடம் உசிலம்பட்டியில் இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடம் பல்லடத்தில் இருக்கும். சொந்த ஊர்ப் பள்ளியின் செட் குரூப்பில் அவர் இருப்பார், பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளைகள்தான் இங்குள்ள பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள். அவர்களில் சிலருடைய தாய்மொழி இந்தியாகவோ ஒடியாவாகவோ இருக்கும். அவர்களையும் 'நம்ம செட்' என்று சொல்லப் பழகாத சங்கத்துக்கு, அப்போது உறுப்பினர்கள் கிடைப்பது கஷ்டம்.

என்றைக்குக் கூட்டம்?

சின்ன விஷயம் போலத் தெரியும். தலைமையின் முதல் பரீட்சையே இதுதான்.

தீபாவளி போனஸ் வாங்கியதும் திருப்பூரே காலியாகிவிடும். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் ஆள் இருக்காது. வெளியூர்ப் பள்ளிகளின் சங்கங்களுக்கோ அதே தீபாவளியும் பொங்கலும்தான் ஒரே வாய்ப்பு. உள்ளூர்ப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் அதுவும் பறிபோகும். சீசன் நேரத்தில் ஒருநாள் லீவு போடுவது பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு நேரடி நஷ்டம். மண்டபத்தில் நாள் முழுக்க விழா நடத்துவதற்குப் பதில், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பள்ளி வளாகத்திலேயே மரத்தடியில் உட்கார்ந்தால் செலவும் இல்லை, சம்பளமும் போகாது. சாப்பாட்டுச் செலவுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் என்று மெசேஜ் போடும் நிமிடத்திலேயே சில பேரின் வருகை முடிந்துபோகிறது என்பதை நிர்வாகிகள் கவனிப்பதே இல்லை.

ஆண், பெண் சேர்ந்து படித்த பள்ளிகளின் குரூப்பைத் திறந்து பாருங்கள். ஆண்கள் ஐம்பது பேர் என்றால் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தாலே அதிசயம். கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள், இனிஷியல் மாறியிருக்கும், நம்பர் யாரிடமும் இருக்காது. போன் கணவர் பெயரில் இருக்கும் வீடுகளும் உண்டு. கண்டுபிடித்துச் சேர்த்தாலும், நடுராத்திரி ஜோக்குகள் வரும் குரூப்பில் எத்தனை நாள் இருப்பார்கள்? ஹோட்டலில் இரவு விருந்து, பக்கத்து அறையில் மது என்று சந்திப்பு நடத்தினால் அந்த ஐந்தாறு பேரும் அடுத்த முறை வரமாட்டார்கள். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு வாரத் துணி, ஒரு வார மாவு, ஒரு வாரத் தூக்கம் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய நாள் வேறு.

இதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. பெண் உறுப்பினர்களைத் தேடும் பொறுப்பை இன்னொரு பெண்ணிடம் கொடுப்பது, குழந்தைகளோடு வரச் சொல்வது, பகலில் பள்ளியிலேயே கூடுவது. தையல் லைனிலும் செக்கிங்கிலும் பெண்கள் நிறைந்திருக்கும் ஊரில், அவர்கள் இல்லாத சங்கம் பாதி வகுப்பின் சங்கம்தான்.

கல்வெட்டும் கணக்கும்

சங்கங்கள் உடைவதற்கு ஊரறிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று பணம், இன்னொன்று பெயர்.

பெயர் விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. டியூப் லைட்டின் வெளிச்சமே மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊர் இது. பெஞ்ச் வாங்கிக் கொடுத்தவர் பெஞ்சிலும், ஃபேன் மாட்டியவர் ஃபேன் இறக்கையிலும் பெயர் எழுதலாம். வாரா வாரம் வந்து தண்ணீர்த் தொட்டி கழுவியவரின் பெயரை எதில் எழுதுவது? அவரை மேடைக்குக் கூப்பிடும் பழக்கம் இருந்தால் அடுத்த வாரமும் வருவார்.

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்த பிறகு வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. கெடுபிடி போலத் தெரிந்தாலும், நட்பைக் காப்பாற்றுவது இந்தக் கெடுபிடிதான். பொருளாளரின் சொந்த ஜி-பே நம்பருக்குப் பணம் போகும்வரை யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை குரூப்பில் வரவு செலவு என்று வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்று வருடக் கெடு இன்னொரு விதத்திலும் நல்லது. ஆரம்பித்தவரே ஆயுள் தலைவராக இருக்கும் சங்கத்தில் எல்லோரும் அவருடைய வயதுக்காரர்களாகவே இருப்பார்கள். 1985 செட் நடத்தும் விழாவில் 2015 செட் என்ன செய்யும்? பந்தி பரிமாறும். இரண்டு முறை பரிமாறிவிட்டு, மூன்றாவது முறை வராது.

ஈழத்தில் ஒரு பாடம்

பழைய மாணவர்களைப் பிடித்துவைப்பதில் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளை மிஞ்ச ஆளில்லை. அங்கே 'பழைய மாணவர் சங்கம்' என்பார்கள். போரும் புலம்பெயர்வும் மாணவர்களை உலகம் முழுக்கச் சிதறடித்தன. அவர்கள் போய்ச் சேர்ந்த கொழும்பிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் பள்ளியின் பெயரிலேயே கிளைகள் முளைத்தன.

அவர்களை ஒட்டவைத்திருப்பது பழைய நினைவு மட்டும் அல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் சமர்' கிரிக்கெட் போட்டி 1904-ல் தொடங்கியது. ஆடுவது இன்றைய மாணவர்கள். சுற்றி நின்று கத்துவது தாத்தா வயதுக்காரர்களும்தான். வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பள்ளிக்கூடம் வெறும் ஞாபகமாக இருப்பதில்லை, கண்ணெதிரே பேட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வாத்தியாருக்குச் சால்வை போர்த்தும் சந்திப்புகளில் இல்லாதது இதுதான். இன்றைய மாணவர் ஒருவர்கூட அங்கே இருப்பதில்லை. பள்ளிக்கு லீவு விட்ட நாளில்தான் பல சந்திப்புகள் பள்ளியிலேயே நடக்கின்றன!

உறைவிடப் பள்ளிகளுக்கு இந்த வேலை கொஞ்சம் சுலபம். திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி போன்ற இடங்களில் வருடக்கணக்கில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு வளர்கிறார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அந்தப் பிணைப்பை வேறு எதையாவது வைத்துத்தான் உண்டாக்க வேண்டும். கிரிக்கெட்டோ, கபடியோ, மாதம் ஒரு மாலை வகுப்போ, எதுவாக இருந்தாலும் சரி.

பள்ளிக்கு என்ன தேவை?

ஊர் கூடிப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது தமிழ்நாட்டுக்குப் பழகிய விஷயம். காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் இன்றைய வடிவம்போல 2022 டிசம்பர் 19-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். படித்த பள்ளியையும் செய்ய வேண்டிய வேலையையும் தேர்ந்தெடுத்து இணையம் வழியாகவே பணம் கொடுக்கலாம். 2024 ஆகஸ்டில் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது. சங்கத்தின் சார்பில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால், பள்ளிக்கு உண்மையில் என்ன தேவை என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவருக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கும் கூத்து நடக்காது.

பெரிய மனதுக்கு ஓர் உதாரணம் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். 2023 அக்டோபரில் தமிழக அரசு தந்த 25 லட்சம் ரூபாய் பரிசை, விழுப்புரத்தில் படித்த பாலிடெக்னிக் முதல் சென்னை ஐ.ஐ.டி வரை தான் படித்த கல்வி நிறுவனங்களின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். நேரடியாக நிர்வாகத்திடம் கொடுத்திருக்கலாம். சங்கங்களை நம்பிக் கொடுத்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் எல்லாச் சங்கத்திலும் ஒரு வீரமுத்துவேல் இருக்கமாட்டார். இருக்க வேண்டியதும் இல்லை. கட்டடம் கட்டுவதும் ஆசிரியர் போடுவதும் அரசின் கடமை, அதை முன்னாள் மாணவர்களின் தலையில் கட்டிவிட முடியாது. டெய்லராலும் செக்கிங் அக்காவாலும் செய்யக்கூடியது, பணத்தால் வாங்க முடியாதது ஒன்று இருக்கிறது.

ஏப்ரல், மே லீவில் பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. வீட்டுக் கஷ்டமாக இருக்கும், புது செல்போன் ஆசையாக இருக்கும். கையில் வாரச் சம்பளம் புழங்கியதும் சிலர் ஜூனில் பள்ளிக்குத் திரும்புவதில்லை. பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் இது அதிகம். அந்தப் பிள்ளை எங்கே போனது என்று பள்ளிக்கு உடனே தெரியாது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் அதே பள்ளியின் பழைய மாணவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பேச விஷயமும் இருக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்ட 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவிகித ஒதுக்கீடு போய்விடும் என்பது பல பெற்றோர்களுக்குத் தெரியாது. தங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாததால், பழைய மாணவர்களிலும் பலருக்குத் தெரியாது. முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒரு ஞாயிறு கூட்டம் போதும். இன்ஜினீயரான முன்னாள் மாணவர் மேடையில் பேசுவதைவிட, எட்டாவதோடு நின்றுபோன டெய்லர் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'நான் விட்டுட்டேன் தம்பி, நீ விட்டுராத' என்று சொல்லும்போது வீட்டில் இருப்பவர்கள் காதுகொடுப்பார்கள்.

உறுப்பினர்களுக்கும் சங்கம் ஏதாவது செய்தாக வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோதும் இந்தத் தொழிலை நம்பியவர்கள் ஆடிப்போனார்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பி.எஃப் பணத்தை ஆன்லைனில் எப்படி எடுப்பது, இ.எஸ்.ஐ கார்டு வைத்து எங்கே காட்டுவது, தொலைந்த மார்க் ஷீட்டுக்கு எங்கே மனு கொடுப்பது... இந்தக் கேள்விகளுக்கு பதில் கிடைக்கும் குரூப்பிலிருந்து யாரும் வெளியேறமாட்டார்கள். அதில் காலை வணக்கம் வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

கோடை லீவு முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைகளின் பெயர்கள் தனியாகத் தெரியும். ஹெச்.எம் அந்தப் பெயர்களைச் சொல்லி விசாரிக்க, பழைய மாணவர்கள் இரண்டு பேரின் நம்பராவது பள்ளி ஆபீஸில் இருக்க வேண்டும். ஒருவர் டெய்லராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருந்தால் நல்லது.